லூசிட் ட்ரீம் முயற்சி: கனவை ஞாபகம் வச்சுக்கறதுல ஆரம்பிச்சு கனவுக்குள்ளயே முழிச்சது வரைக்கும்

லூசிட் ட்ரீம்னா கனவு ஓடிட்டு இருக்கும்போதே "அட, இது கனவு"ன்னு நமக்குத் தெரியறது, தெரிஞ்ச பிறகு அந்தக் கனவுக்குள்ள கொஞ்சம் நம்ம இஷ்டத்துக்கு எதையாவது செஞ்சு பாக்கறது. கொஞ்ச மாசமா இதை விடாம பண்ணிட்டு இருக்கேன், புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு உபயோகப்படும்னு எழுதறேன். முதல்லயே ஒன்னு சொல்லிடறேன், இதுல பாதிக்கு மேல வேலை கனவை ஞாபகம் வச்சுக்கறதுதான். ராத்திரி சூப்பரா ஒரு லூசிட் ட்ரீம் வந்து காலைல சுத்தமா மறந்துட்டா அது வந்தாலும் ஒன்னுதான் வராட்டியும் ஒன்னுதான்.

"எனக்கெல்லாம் கனவே வராதுப்பா"ன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. அவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு வருது, தங்கறதில்ல, அவ்ளோதான். தூக்கத்துல மூடின கண்ணுக்குள்ள கருவிழி வேக வேகமா அசையற ஒரு கட்டம் இருக்குன்னு 1953ல சிகாகோ பல்கலைக்கழகத்துல யூஜின் அசரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும் எழுதினாங்க, அதைத்தான் ரெம் தூக்கம்னு சொல்றோம், நல்லா கதை மாதிரி ஓடற கனவெல்லாம் பெரும்பாலும் அந்த நேரத்துலதான். தூக்கம் சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு சுத்து சுத்துது, முதல் சுத்துல ரெம் சில நிமிஷம்தான், விடியறதுக்கு முன்னாடி வர்ற சுத்துல அரை மணி நேரம் கூட போகும். இதுல கவனிக்க வேண்டியது, எட்டு மணி நேரம் தூங்கற ஆளு ஆறு மணி நேரத்துல எழுந்துட்டா போறது ரெண்டு மணி நேரத் தூக்கம் மட்டும் இல்ல, கனவு அதிகமா வர்ற பகுதியே போயிடுது. அதனால நான் முதல்ல மாத்தினது படுக்கற நேரத்தைத்தான், பதினொன்றரை பன்னெண்டுன்னு இருந்ததை பத்தரைக்குக் கொண்டு வந்தேன். வேற எந்த டெக்னிக்கும் பண்ணாம இது ஒன்னுக்கே கனவு ஞாபகம் வர ஆரம்பிச்சுது.

அடுத்தது முழிச்ச உடனே என்ன பண்றோம்ங்கறது. ரெம் நேரத்துல மூளைல நார்அட்ரினலின்ங்கற வேதிப்பொருள் ரொம்ப அடங்கிப் போயிருக்கும், கனவு ஞாபகத்துல பதியாம நழுவறதுக்கு அதுவும் ஒரு காரணம்னு சொல்றாங்க. முழிச்சதும் கண்ணைத் திறக்காதீங்க, புரண்டு படுக்காதீங்க, "இன்னைக்கு என்ன கிழமை, ஆபீஸ்ல என்ன வேலை"ன்னு யோசிக்கவே யோசிக்காதீங்க. எந்தப் பக்கம் படுத்திருந்தீங்களோ அப்படியே கிடந்து "இப்ப எங்க இருந்தேன்?"னு மட்டும் கேளுங்க. கடைசியா பாத்த ஒரு துண்டு மாட்டும், அதைப் புடிச்சுக்கிட்டு "இதுக்கு முன்னாடி என்ன, அதுக்கு முன்னாடி என்ன"ன்னு பின்னாடி போகணும். ஆரம்பத்துல எனக்கு "மஞ்சள் பக்கெட்" மாதிரி ஒத்த வார்த்தைதான் கிடைச்சுது, அதையும் எழுதி வச்சேன், ஒன்னுமே வராத காலைல கூட "ஒன்னும் வரல, ஆனா மனசு கொஞ்சம் படபடன்னு இருக்கு"ன்னு எழுதினேன். ஒரு ரெண்டு வாரம் போனதும் அரைப் பக்கம், ஒரு பக்கம்னு தானா வளர்ந்துது. இன்னொன்னு, ஒரு பக்கமா படுத்து யோசிச்சு எல்லாம் தீந்துட்டா மெதுவா மறுபக்கம் திரும்பிப் பாருங்க, பல நாள் எனக்கு அப்பதான் ராத்திரி நடுவுல வந்த வேற ஒரு கனவு ஞாபகம் வந்திருக்கு.

எழுதறதுக்கு போன் வேண்டாம். கைல எடுத்த உடனே ஒரு நோட்டிஃபிகேஷன் கண்ணுல பட்டா போதும், கனவு கரைஞ்சு போயிடும். தலைமாட்டுல ஒரு ரஃப் நோட்டும் பென்சிலும் வச்சிருக்கேன். பென்சில்தான், ஏன்னா மல்லாக்கப் படுத்துட்டே எழுதினா பால்பாயிண்ட் பேனா நாலு வரிக்கு மேல எழுதாது, மை கீழ இறங்காது. இருட்டுலயே முக்கிய வார்த்தைகளை மட்டும் கிறுக்கி வச்சுட்டு, பல் தேய்ச்சு காபி குடிச்ச பிறகு உக்காந்து முழுசா எழுதி ஒரு தலைப்பும் வைப்பேன்.

இந்த நோட்டுதான் எனக்கு லூசிட் ட்ரீமே வாங்கிக் குடுத்துது. ஒரு நாள் உக்காந்து பழைய பக்கமெல்லாம் புரட்டிப் பாத்தா ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருது, செருப்பைக் காணோம். கோயில் வாசல்ல செருப்பைக் காணோம், பஸ்ல ஏறின பிறகு பாத்தா கால்ல செருப்பு இல்ல, சொந்தக்காரங்க வீட்டுல இருந்து கிளம்பும்போது ஒத்தச் செருப்புதான் இருக்கு. இந்த மாதிரி அடிக்கடி வர்ற விஷயத்தை ட்ரீம் சைன்னு சொல்வாங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொன்னு இருக்கும், நோட்டு இல்லாம அதைக் கண்டுபுடிக்கவே முடியாது.

ரியாலிட்டி செக், அதாவது இப்ப இருக்கறது கனவா நனவான்னு சோதிச்சுப் பாக்கறது, அதைப் பத்தி நிறைய பேர் சொல்வாங்க, ஒரு நாளைக்கு இத்தனை தடவை கையைப் பாரு, கடிகாரத்தை ரெண்டு தடவை பாரு, எழுத்தை ஒரு தடவை படிச்சுட்டு திரும்பப் படி, கனவுல மாறியிருக்கும்னு. எனக்குப் புடிச்சது மூக்கை விரலால மூடி வாயையும் மூடிக்கிட்டு மூச்சு இழுத்துப் பாக்கறது, நனவுல முடியாது, கனவுல பெரும்பாலும் மூச்சு வந்துடும். ஆனா அலாரம் வச்சு மணிக்கு ஒரு தடவை பண்றதுல எனக்கு நம்பிக்கை இல்ல, கடமைக்குப் பண்ற மாதிரி ஆயிடுது. அதை செருப்போட கோத்துட்டேன். செருப்பு போடும்போது, கழட்டும்போது, தேடும்போது எல்லாம் நின்னு, நான் எப்படி இங்க வந்தேன், இதுக்கு முன்னாடி எங்க இருந்தேன்னு நிஜமாவே யோசிச்சுட்டு மூக்கை மூடிப் பாப்பேன்.

இதோட மைல்ட் (MILD)ங்கற முறையையும் சேத்துக்கிட்டேன், ஸ்டான்ஃபோர்டுல ஆராய்ச்சி பண்ண ஸ்டீஃபன் லபெர்ஜ் உருவாக்கினது. நாலு மணி வாக்குல அலாரம் வச்சு எழுந்து, தண்ணி குடிச்சு, லைட்டைக் கம்மியா வச்சு நோட்டை ஒரு பதினஞ்சு நிமிஷம் படிச்சுட்டு, திரும்பப் படுத்து "அடுத்த கனவுல இது கனவுன்னு ஞாபகம் வச்சுக்குவேன்"னு சொல்லிக்கணும், சமீபத்துல வந்த ஒரு கனவை மனசுல ஓட்டி, அதுல செருப்பு காணாம போற இடத்துல நான் சுதாரிச்சுக்கற மாதிரி கற்பனை பண்ணணும். அடிலெய்ட் பல்கலைக்கழகத்துல டென்ஹோம் ஆஸ்பி 2017ல வெளியிட்ட ஆய்வுல, மைல்ட் பண்ணி முடிச்சு அஞ்சு நிமிஷத்துக்குள்ள திரும்பத் தூங்கினவங்களுக்கு நல்லாவே பலிச்சிருக்கு. எனக்கும் அப்படித்தான், புரண்டுட்டே கிடந்த நாள்ல எதுவும் நடக்கல.

அது வந்தது ஒரு ஞாயித்துக்கிழமை விடியக்காலைல. ஏதோ ஒரு கல்யாண மண்டபம், சாப்பிட்டுட்டு கை கழுவிட்டு வெளிய வர்றேன், வாசல்ல நூறு செருப்பு கிடக்கு, என்னுதைக் காணோம். குனிஞ்சு தேடிட்டே பழக்கதோஷத்துல மூக்கை மூடினேன், ஜில்லுன்னு மூச்சு உள்ள போகுது. அந்த நிமிஷம் எல்லாம் பளிச்சுன்னு ஆயிடுச்சு, தரைல இருந்த கோலப்பொடி, வாழைமரத்துல கட்டின கயிறு, எல்லாம் நிஜத்தை விடத் துல்லியமா தெரிஞ்சுது. சந்தோஷத்துல மனசு துள்ளின உடனே ஓரமெல்லாம் மங்க ஆரம்பிச்சுது, படிச்சது ஞாபகம் வந்து ரெண்டு உள்ளங்கையையும் பரபரன்னு தேய்ச்சேன், திரும்ப நின்னுது. குனிஞ்சு வாழைமரத்தைத் தொட்டேன், வழுவழுன்னு ஈரமா இருந்துது. பறக்கணும்னு எல்லாம் தோணவே இல்ல, சும்மா சுத்திச் சுத்திப் பாத்துட்டே இருந்தேன், அப்புறம் முழிப்பு வந்துடுச்சு. அன்னைக்கு முழுக்க தரையில கால் பாவல.

இதெல்லாம் மனப்பிரமைன்னு நினைக்கறவங்களுக்கு ஒன்னு சொல்லணும். 1975லயே இங்கிலாந்துல ஹல் பல்கலைக்கழகத்துல கீத் ஹெர்ன் இதை அளந்து காட்டினார், ஆலன் வோர்ஸ்லிங்கறவர் தூக்கத்துல கனவுக்குள்ள இருந்தே, முன்கூட்டியே பேசி வச்சபடி கண்ணை இடம் வலமா அசைச்சு சிக்னல் குடுத்தார். ரெம்ல உடம்புத் தசையெல்லாம் கட்டிப் போட்ட மாதிரி இருக்கும், கண்ணு மட்டும் அசையும், அதனாலதான் இது முடிஞ்சுது. 2021ல வெளிவந்த ஆய்வுல இன்னும் ஒரு படி மேல, தூங்கற ஆள்கிட்ட "எட்டுல ஆறு போனா எவ்ளோ"ன்னு கேட்டு, கண்ணை ரெண்டு தடவை அசைச்சு பதில் வாங்கியிருக்காங்க. படிச்சப்ப எனக்கு சிலிர்த்துடுச்சு.

அந்தத் தசைக்கட்டு சில சமயம் முழிச்ச பிறகும் கொஞ்ச நேரம் நீடிக்கும், நம்ம ஊர்ல அமுக்குவான் பேய்னு சொல்றது அதைத்தான். நாலு மணிக்கு எழுந்து படுக்கறதால எனக்கும் வந்துது, கையைத் தூக்க முடியல, ரூம்ல யாரோ நிக்கற மாதிரி இருந்துது. போராடாம மூச்சை மெதுவா விட்டு கால் கட்டை விரலை மட்டும் அசைக்கப் பாத்தேன், விட்டுடுச்சு. ஏற்கனவே தூக்கம் சரியில்லாதவங்க, எது நிஜம்னு குழப்பம் வர்ற மனநலப் பிரச்சினை இருக்கறவங்க இந்த முறையெல்லாம் தொடாதீங்க. நானே சனி ஞாயிறு மட்டும்தான் அலாரம் வைக்கறேன், வேலை நாள்ல நோட்டு மட்டும்.

இப்போதைக்கு என் பிரச்சினை, லூசிட் ஆனா ரொம்ப நேரம் தங்க முடியல. மங்கும்போது கனவுக்குள்ளயே நின்ன இடத்துல சுத்தினா நீடிக்கும்னு லபெர்ஜ் சொல்லியிருக்கார், அடுத்து அதைத்தான் முயற்சி பண்ணப் போறேன். நோட்டுல இப்ப செருப்பு குறைஞ்சு, தெரிஞ்சவங்க வீட்டுல இல்லாத ஒரு மாடி அடிக்கடி வருது, அதனால இந்த வாரத்துல இருந்து படி ஏறும்போதும் மூக்கை மூடிப் பாக்கறேன்.