92 மாதம் 60 ஆன கதை

2019 ஆகஸ்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் உதவிப் பேராசிரியர் பணிக்கு அறிவிப்பு விட்டபோது, நான் ஓர் அரசு கலைக் கல்லூரியில் ரெண்டாவது ஷிஃப்டில் கணிதம் எடுக்கும் கெஸ்ட் லெக்சரர், அதாவது தற்காலிகமான கௌரவ விரிவுரையாளர். 2,300க்கும் மேல் இடங்கள். எழுத்துத் தேர்வு கிடையாது. மொத்தம் 34 மதிப்பெண்: படிப்புக்கு 9, நேர்காணலுக்கு 10, கற்பித்த அனுபவத்துக்கு 15. வருடத்துக்கு 2 வீதம், ஏழரை வருடம் காட்டினால் முழு 15.

ஏழரை என்றதும் ஸ்டாஃப் ரூமே சிரித்தது. சனி பகவான் அறிவிப்பு வரைக்கும் வந்துவிட்டார் என்றார் இயற்பியல் சார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் குஷி. 2010 ஜூன் முதல் 2014 டிசம்பர் வரை ஒரு சுயநிதிக் கல்லூரி, 2016 ஜூலையிலிருந்து இங்கே. கூட்டினால் 92 மாதம். ஏழரையைத் தாண்டி ரெண்டு மாதம் மிச்சம். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு, தப்பாகவா போகும்?

முதலில் பழைய கல்லூரிக்குப் போனேன். வயிற்றில் குழந்தையோடு வெளியே வந்த இடம் அது. லீவு கேட்டேன், "ரிசைன் பண்ணிட்டுப் போங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். ஐந்து வருடம் கழித்துச் சான்றிதழ் கேட்டால், மாத நடுவில் நோட்டீஸ் கொடுக்காமல் நின்றுவிட்டதாகப் பதிவாம். ஒரு மாதச் சம்பளம் கட்டினால்தான் லெட்டர்பேட் வெளியே வருமாம். கட்டினேன். சண்டை போட்டிருக்கலாம் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு விண்ணப்பத்தின் கடைசித் தேதிதான் கண்முன் நின்றது.

அந்த லெட்டர்பேட் மட்டும் போதாது. கல்லூரிக் கல்வித் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும். அதற்கு நியமன ஆணை, வருகைப் பதிவேட்டு நகல், சம்பளப் பட்டியல் நகல் எல்லாம் கேட்டார்கள். முதல் ரெண்டு வருடம் சம்பளம் கையில்தான் கொடுத்தார்கள்; வங்கிக் கணக்கில் தடயமே இல்லை. அந்தக் கல்லூரியின் வயதான அட்டெண்டர் ஒருவர், பரண் மாதிரி இருந்த ஓர் அறையிலிருந்து 2011ஆம் வருடத்து அக்விட்டன்ஸ் நோட்டை, சம்பளம் வாங்கியதற்குக் கையெழுத்துப் போடுகிற நோட்டை, தூசி தட்டிக் கொண்டுவந்தார். ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் என் கையெழுத்து. அப்போதெல்லாம் பெயரை முழுதாக, சுழித்துச் சுழித்துப் போட்டிருக்கிறேன்.

இவ்வளவு தேடியும் அந்த நோட்டு பிரயோஜனப்படவில்லை. செக்‌ஷனில் இருந்த அம்மா காகிதங்களை ஒருமுறை புரட்டிவிட்டுக் கேட்டார்: "செட் எப்போம்மா பாஸ் பண்ணுனீங்க?"

உதவிப் பேராசிரியர் ஆவதற்கான மாநிலத் தகுதித் தேர்வுதான் செட். "2012 அக்டோபர்ல எழுதினதுங்க."

"அப்ப அதுக்கு முன்னால பார்த்ததெல்லாம் கணக்குல வராதும்மா. தகுதி வந்த பிற்பாடுதான்."

29 மாதம் போச்சு. பழைய கல்லூரியின் 55 மாதத்தில் 26தான் நின்றது. அந்த 29 மாதத்தில் நான் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வகுப்பெடுத்தேன். என்னிடம் அப்போது பகுப்பாய்வு படித்த பையன் ஒருவன் இன்று எங்கள் துறையிலேயே எனக்கு அடுத்த மேசை.

சரி, அரசுக் கல்லூரிச் சான்றிதழாவது நேராக வரும் என்று நினைத்தேன். எங்களுக்குச் சம்பளம் வருடத்துக்கு 11 மாதம்தான். மே மாதத்துக்குக் கிடையாது, ஜூனில் மறுபடி ஆணை வரவேண்டும். ஆகவே சான்றிதழில் ஒவ்வொரு ஏப்ரல் 30லும் நான் நின்றுபோய், ஜூனில் புதிதாகப் பிறந்திருந்தேன். மூன்று மே கழிந்தது. இங்கே பார்த்த 37 மாதத்தில் 34. அலுவலகக் கண்காணிப்பாளர் கால்குலேட்டரில் தட்டி என் பக்கம் திருப்பிக் காட்டினார்: 60. ஐந்து வருடம். 10 மதிப்பெண்.

அதையும் ஒரே நடையில் வாங்க முடியவில்லை. எங்கள் கல்லூரியில் நிரந்தர முதல்வர் இல்லை, துறைத் தலைவர் ஒருவர்தான் பொறுப்பு முதல்வர். அவர் கையெழுத்துக்குக் கீழே 'முதல்வர்' சீல் விழுந்திருந்தது, 'பொறுப்பு' என்ற சொல் இல்லை. திரும்பி வந்தது. அந்த ஒரு சொல்லுக்காக ஒரு நாள் வகுப்பு, மூன்று மணி நேர பஸ், போக வர. ரெண்டாவது தடவை போனபோது கவரிங் லெட்டரில் தேதி இல்லை. செக்‌ஷன் அம்மாவே பேனாவை நீட்டி, "போட்டுக்கோங்க, யாரும் பார்க்கல" என்றார். எட்டு நாளில் பச்சை மையோடு கைக்கு வந்தது. அவருக்கு நான் இன்னும் கடன்பட்டவள்.

அப்லோடு செய்தேன். காத்திருந்தேன். கொரோனா வந்தது, போனது. அந்த நியமனம் நடக்கவே இல்லை. 2024 மார்ச்சில் புது அறிவிப்பு வந்தது: 4,000 இடங்கள், இந்த முறை எழுத்துத் தேர்வு. அந்த 60 மாதத்தைச் சேர்க்க நான் பட்ட பாட்டை நினைத்துச் சிரிப்புத்தான் வந்தது. உண்மையில் எழுத்துத் தேர்வு எனக்கு நியாயமாகவே பட்டது; அனுபவத்தை அளக்கிற லட்சணத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். காலை நாலரைக்கு எழுந்து, மகனுக்கு டிபன் கட்டுவதற்கு முன்னால் டோபாலஜி. ஆகஸ்ட் 4 தேர்வு என்றார்கள். பிறகு ஒத்திவைத்தார்கள். இதை எழுதும் 2025 ஜூன் வரை நடக்கவில்லை.

நடுவில் விதியும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. உதவிப் பேராசிரியராகப் பல்கலைக்கழகங்களில் சேர பிஎச்.டி. கட்டாயம் என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2018இல் சொன்னதை நம்பி, என் தோழி கடன் வாங்கி ஆய்வில் சேர்ந்தாள். 2021 ஜூலை என்றது 2023க்குத் தள்ளிப்போனது. 2023 ஜூலையில் தேசியத் தகுதித் தேர்வான நெட், இல்லை செட்டே போதும் என்றார்கள். அவள் ஆய்வேட்டை முடித்துவிட்டாள் என்பது வேறு விஷயம். அதே யுஜிசி 2019இல் கெஸ்ட் ஃபேகல்டிக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000க்கு மிகாமல் என்று எழுதி வைத்திருக்கிறது. 2025இல் எங்களுக்கு 25,000.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஏப்ரல் கடைசி வேலை நாளிலும் அந்த வருடச் சான்றிதழை, பொறுப்பு சீல் பார்த்து, கையோடு வாங்கிவிடுவேன். நியமன ஆணை, பாஸ்புக் பக்கம் ரெண்டையும் அதே உறையில் போட்டுவிடுவேன். புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடமும் சொல்கிறேன். "நாங்க என்ன மேம், ஏழு வருஷமா இங்க இருக்கப் போறோம்?" என்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

போன மே மாதம் பல்கலைக்கழக விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனேன். சம்பளம் இல்லாத மாதம்தான். பேப்பருக்கு இத்தனை என்று வரும் அந்தப் பணம்தான் பள்ளி ஃபீஸுக்கு. முகாமில் ஒரு படிவம் நீட்டினார்கள். 'தற்போது பணியில் உள்ளவரா?' ஆம், இல்லை என்று ரெண்டு கட்டம். பக்கத்தில் இருந்த வேறு கல்லூரி கெஸ்ட் ஒருவர் என் படிவத்தை எட்டிப் பார்த்தார். நான் எதில் டிக் போடுகிறேன் என்று பார்த்துத் தானும் போடக் காத்திருக்கிறார். 'ஆம்' என்றதில் போட்டேன். அவரும் போட்டார். முதல் விடைத்தாள் கட்டைப் பிரித்தோம்.