ரிப்போர்ட் வரும்வரை

ஜூன் 4
குழந்தை இல்லாததற்குக் காரணம் தேடி, மரபணுச் சோதனைக்கு எனக்கு ரத்தம் எடுத்தாயிற்று. மூன்று வாரம் ஆகுமாம்.

ஜூன் 5
சேலத்திலிருந்து திரும்பிய பஸ்ஸில் ஒரே நினைப்பு. "உங்க அம்மாகூடப் பிறந்தவங்க யாருக்காவது குழந்தை இல்லாம இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். தொப்பூர் கணவாய் ஏறும்போதுதான் பெரிய மாமா ஞாபகம் வந்தார். ஞாபகம் வரவில்லை என்பதுகூடப் பொய். கேட்ட அந்த நிமிஷமே வந்தார்.

ஜூன் 8
என் விந்தணு மில்லிக்கு 20 லட்சம். 1 கோடியே 60 லட்சமாவது இருக்க வேண்டும். விந்தணு உருவாகவே ஏறக்குறைய 74 நாள் ஆகும் என்பதால் மூன்று மாசம் விட்டு மறுபடி பார்த்தார்கள். பீடி, சிகரெட் எதையும் தொடவில்லை. அப்போதும் 18 லட்சம்தான்.

ஜூன் 12
தீர்த்தமலைக்குப் போகணும் என்கிறாள் அம்மா. "அவளை இன்னொரு தடவை செக் பண்ணச் சொல்லுடா" என்றும் சொன்னாள். சரி என்று தலையாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். என் பெண்டாட்டி சமையலறையில்தான் இருந்தாள்.

ஜூன் 16
பெங்களூரா மாங்காய் லாரிகள் எங்கள் ஃபேக்டரி கேட் வரைக்கும் நிற்கின்றன. டபுள் ஷிப்ட். நல்லதுதான்.

ஜூன் 19
தூக்கம் இல்லை.
ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து வருவது. அதில் ஏஇசட்எஃப் என்ற பகுதியில் துண்டு விட்டுப்போயிருந்தால் விந்தணு குறையும், சிலருக்கு அறவே இருக்காது. எனக்கு அப்படி இருந்து, இக்ஸி (ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்தும் சிகிச்சை) செய்து பையன் பிறந்தால் அவனுக்கும் அதையேதான் கொடுப்பேன். எக்ஸ் அம்மா வழி. அதிலுள்ள டெக்ஸ்13பி என்ற மரபணுவுக்கும் ஆண்களின் குறைக்கும் தொடர்பு இருப்பதை ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆராய்ச்சி மையம் 2024இல் சொன்னது. இதைப் படித்ததிலிருந்து மாமாதான் கண்முன் நிற்கிறார். அம்மாயியின் எக்ஸ்தானே மாமாவுக்கும், அம்மா வழியாக எனக்கும் வந்திருக்கும்?

அக்காவின் மஞ்சள் நீராட்டுக்கு அத்தைதான் தாய்மாமன் சீர்த் தட்டை ஏந்தி வந்தார். வாசற்படியிலேயே அம்மாயி தட்டை வாங்கி வேறொருத்தி கையில் கொடுத்தாள். தட்டு போன பிறகும் அத்தையின் இரண்டு கையும் நீட்டியபடியே இருந்தன. மஞ்சள் ஒட்டிய விரல்கள். எனக்கு அப்போது பத்து வயசு, முறுக்கு தின்றுகொண்டு பார்த்தேன். அடுத்த வருஷம் அவரைப் பாலக்கோட்டுக்கே அனுப்பிவிட்டு மாமா இரண்டாவது கட்டினார். அங்கேயும் குழந்தை இல்லை. அப்போதும் யாரும் மாமாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூன் 25
ரிப்போர்ட் வந்தது. குரோமோசோம் 46, எக்ஸ்ஒய். நார்மல். ஒய்யில் எந்தத் துண்டும் போகவில்லை. ஹார்மோன், ஸ்கேன் எல்லாம் சரி. கடைசி வரி: காரணம் கண்டறியப்படவில்லை.
என்னைப்போல நிறையப் பேருக்கு இந்தச் சோதனைகளில் எதுவும் பிடிபடாதாம். மற்ற மரபணுக்களையும் பார்க்கலாம், பார்த்தாலும் பதில் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்றார் டாக்டர். இந்த முறை மாமாவைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

ஜூன் 28
பாலக்கோடு போனேன். அத்தை தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். களியும் கீரைக் கடைசலும் போட்டார். குறை எனக்குத்தான் அத்தை, மாமாவுக்கும் இருந்திருக்கலாம் என்றேன். ரொம்ப நேரம் கையிலிருந்த சணல் கயிற்றையே திரித்துக்கொண்டிருந்தார்.
"உம் பொண்டாட்டிய வீட்டுல ஏதாச்சும் சொல்றாங்களா சாமி?"

ஜூன் 29
அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. "என்கிட்டருந்தா வந்துச்சு?" என்றாள். தெரியலம்மா என்றேன்.

ஜூலை 2
அம்மா காலையிலேயே பாலக்கோடு பஸ் ஏறிவிட்டாளாம். இன்னும் போன் இல்லை.