ஐஹொளே: விளக்கில்லாத சந்நிதிகளில் ஒரு கும்பிடு

பாதாமி, பட்டதக்கல் போகிற நம் ஊர் யாத்திரைக் குழுக்களில் பலர் ஐஹொளேயை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு வேனில் ஏறிவிடுகிறார்கள். கேட்டால், அங்கே பூஜையே கிடையாதே, எல்லாம் தொல்லியல் துறைக் கோயில்தானே என்பார்கள். பாதி உண்மை. கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்தில், மலப்பிரபா ஆற்றோரத்தில் இருக்கிற இந்தச் சின்னக் கிராமத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. பெரும்பாலான கருவறைகளில் விளக்கு எரிவதில்லை. ஆனாலும் நான் போனது கும்பிடத்தான், சிற்பம் பார்க்க இல்லை.

முதலில் இராவணபடி குகைக்குப் போங்கள். 6-ம் நூற்றாண்டில் குடைந்தது. வாசலில் நந்தி, உள்ளே கருவறையில் லிங்கம். இடப்பக்க அறைக்குள் பத்துக் கைகளோடு சிவன் ஆடுகிறார், கூடவே பார்வதியும் பிள்ளையாரும் சப்தமாதர்களும். சிதம்பரத்தில் பார்த்துப் பழகிய ஆனந்தத் தாண்டவக் கோலம் இல்லை, அதனால் முதலில் கண் கொஞ்சம் தடுமாறுகிறது, அப்புறம் அந்த இடையின் வளைவைப் பார்த்ததும் இவர் நம்மவர்தான் என்று தெரிந்துவிடுகிறது. அர்த்தநாரி, ஹரிஹரன், கங்கையைத் தாங்கும் கோலம், வராகர் எல்லாம் அதே குகைக்குள்தான். லிங்கத்தின் மேல் யாரோ வில்வம் வைத்திருந்தார்கள். அர்ச்சகர் இல்லை, தட்டு இல்லை, 'நகருங்க நகருங்க' இல்லை. தெரிந்த தேவாரத்தை வாய்விட்டுச் சொன்னேன், குகை அதைத் திருப்பிச் சொன்னது.

ஊருக்குள் இருக்கிற துர்க்கா கோயிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது அம்மன் கோயில் இல்லை, அருகே இருந்த கோட்டையை வைத்து வந்த பெயர். எலுமிச்சை மாலையோடு போய் ஏமாற வேண்டாம். ஆனால் பிராகாரச் சுற்றில் ஒரு மாடத்தில் மகிஷாசுரமர்த்தினி இருக்கிறாள், மாலையை அவளுக்கு மனசால் சாத்திக்கொள்ளலாம். பின்பக்கம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும், பெண்ணாடம் போனவர்களுக்குத் தூங்கானை மாடம் என்றால் உடனே புரியும். பக்கத்திலேயே லாட்கான் கோயில். அதில் குடியிருந்த ஒரு முஸ்லிம் பெரியவரின் பெயரே கோயிலுக்கு நிலைத்துவிட்டது, உள்ளே நந்தியும் லிங்கமும்.

எனக்கு ஐஹொளே என்றால் மேகுதி மலைதான். ஊரை ஒட்டியே படி ஏறுகிறது. உச்சிக்குச் சற்றுக் கீழே, பாதி பாறையில் குடைந்து பாதி கல்லால் கட்டிய இரண்டு அடுக்கு பௌத்தக் கோயில். அங்கே தலையில்லாத புத்தர் ஒருவர் அமர்ந்திருக்கிறார், மேற்கூரையிலும் ஒரு புத்தர் செதுக்கப்பட்டிருக்கிறார். நான் சைவக் குடும்பத்துப் பிள்ளை, புத்தரைக் கும்பிட்டு வளர்ந்தவன் இல்லை. இருந்தாலும் அந்த உடம்பின் முன்னால் நின்றபோது கை தானாகக் குவிந்தது, குவித்தேன், அவ்வளவுதான்.

இன்னும் கொஞ்சம் ஏறினால் உச்சியில் சமணக் கோயில். சுற்றிலும் கோட்டைச் சுவர். 634-ல் ரவிகீர்த்தி என்ற சமணப் புலவர் கட்டியது. அவர் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் ஆதரவில் இருந்தவர். வெளிச்சுவரில் அவருடைய சமஸ்கிருதக் கல்வெட்டு பழைய கன்னட எழுத்தில் இன்றும் இருக்கிறது. கவிதையில் தான் காளிதாசனுக்கும் பாரவிக்கும் சமம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார், அடக்கம் கொஞ்சம் கம்மிதான். அந்த இரண்டு கவிகளின் காலத்தைக் கணிக்க அந்தப் பெருமைப் பேச்சுதான் பின்னால் ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தது.

அதே கல்வெட்டில் நம் கதையும் வருகிறது. புலிகேசியின் படை கிளப்பிய தூசியில் ஒளி மங்கி, பல்லவர் தலைவன் காஞ்சி மதிலுக்குப் பின்னால் மறைந்தானாம். பெயர் சொல்லவில்லை, மகேந்திரவர்மன் என்றுதான் வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். அப்பரை வதைத்துப் பிறகு சைவத்துக்கு வந்தவனும் அவனே என்பது நம் மரபு. அந்த நூற்றாண்டு என்றாலே அப்பரை நீற்றறையில் இட்டது, கல்லைக் கட்டிக் கடலில் எறிந்தது, சைவமா சமணமா என்ற சண்டை என்றுதான் நமக்குச் சொல்லித் தந்தார்கள். இங்கே அதே காலத்தில், ஒரே அரச குடும்பத்தின் நிழலில், கீழே சிவன் ஆடுகிறார், நடுவழியில் புத்தர், உச்சியில் ஜினர். இங்கே சண்டையே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை, அந்தப் படியில் நிற்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவே. பிறகு மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் போய் வாதாபியை, அதாவது இன்றைய பாதாமியைப் பிடித்ததும், அந்தப் படையை நடத்திய பரஞ்சோதியார் சிறுத்தொண்டராகித் திருச்செங்காட்டங்குடியில் அடியாருக்கு அமுது படைத்ததும் நமக்குத் தெரிந்ததுதான்.

மலையின் இன்னொரு பக்கத்தில் மீன பசதி என்ற சமணக் குகை. உள்ளே தீர்த்தங்கரர் பார்சுவநாதரும், தவத்தில் நின்று உடம்பில் கொடி படர்ந்த பாகுபலியும். வெயில் ஏறிவிட்டால் அதைத் தவிர்க்கத் தோன்றும், தவிர்க்காதீர்கள்.

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் ஐந்நூற்றுவர் என்று வரும் வணிகர் குழு தன் பூர்வீகமாகச் சொல்வது இந்த ஊரைத்தான். ஐயப்பொழில் என்பது ஐஹொளேயின் பழைய பெயர், தங்களை ஐயப்பொழில் பரமேஸ்வரியின் மக்கள் என்று சொல்லிக்கொண்டு கடல் கடந்து போனவர்கள். சுமத்ராவின் பாருஸில் 1088-ல் தமிழில் கல்வெட்டு வைத்தவர்களும் அவர்களே. இப்போது ஆடு மேயும் இந்தத் தெருக்களைப் பார்த்தால் நம்ப முடியாது.

பூஜை நடக்கிற கோயில் வேண்டுமென்றால் ஆற்றங்கரை இராமலிங்கேஸ்வரருக்குப் போங்கள். வெள்ளையடித்து, தேரும் வைத்து, ஊர்க்காரர்கள் இன்றும் கும்பிடும் சிவன். அங்கே ஒரு அஜ்ஜி (பாட்டி), பரசுராமர் இரத்தம் படிந்த கோடரியைக் கழுவியதால் ஆறே சிவந்ததை நேற்று நடந்தது போல எனக்குத் தெரியாத கன்னடத்தில் விவரித்தார். நான் தலையாட்டியே முழுக் கதையையும் வாங்கிக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: பெங்களூருவிலிருந்து கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸில் பாதாமியில் இறங்கலாம், அங்கிருந்து சுமார் 35 கி.மீ. மேகுதியைக் காலையிலேயே ஏறிவிடுங்கள், பாறை சூடானால் வெறுங்கால் தாங்காது. திரும்பும்போது பட்டதக்கல் விரூபாட்சர் (அங்கே பூஜை உண்டு), பிறகு பாதாமி பக்கத்துப் பனசங்கரி அம்மன். அம்மன் கோயில் வாசலில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் ஜோள ரொட்டியும் (சோள ரொட்டி) கடலைச் சட்னிப்பொடியும் தயிரும் வாங்கிச் சாப்பிடுங்கள், ஓட்டல் தேட வேண்டாம்.