எதற்கும் உதவாத தகவல்கள்

ஜூன் 3
வொம்பாட் என்ற ஆஸ்திரேலிய விலங்கின் புழுக்கை கனசதுரமாக இருக்குமாம். பகடை போல, மூலைகளோடு! வெளியே வரும் துவாரம் வட்டம்தான். குடல் சுவர் சில இடங்களில் விறைப்பாகவும் சில இடங்களில் நெகிழ்வாகவும் இருப்பதால், அது சுருங்கிச் சுருங்கி உள்ளேயே மூலைகளை உருவாக்கிவிடுகிறது.

ஜூன் 4
மூன்று பேரிடம் சொன்னேன். மூவரும் "நிஜமாவா?" என்றார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகவே இன்னும் பத்து விஷயம் படிக்கலாம்.

ஜூன் 7
வெள்ளிக் கோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள். சூரியனைச் சுற்ற 225 நாள்தான். அதாவது அங்கே வருடத்தைவிட நாள் பெரியது! இரவு வெகுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் அங்கே ஒரு பிறந்தநாளுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பொழுதே விடியாதா?

ஜூன் 8
விடியும். அதுவும் மேற்கில். வெள்ளி மற்ற பெரும்பாலான கோள்களுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் இடையே சுமார் 117 நாள்தான். படித்தபோது பிடிபடவில்லை. அப்புறம் மேசை விளக்கைத் தரையில் வைத்து, அதை இடஞ்சுழியாகச் சுற்றி நடந்தபடியே உடம்பை வலஞ்சுழியாக மெல்லத் திருப்பிப் பார்த்தேன். ஒரு சுற்று முடிவதற்குள் விளக்கு ஏறக்குறைய இரண்டு முறை முகத்துக்கு நேரே வந்துவிட்டது! தலை கிறுகிறுத்தாலும் மனசு நிறைந்துவிட்டது. நேற்று அது ஒரு வரி. இன்று என் காலும் கழுத்தும் அதை அறியும்.

ஜூன் 11
கிளியோபாட்ரா பிறந்தது கி.மு. 69. எகிப்தின் பெரிய பிரமிடு எழும்பி அதற்குள் சுமார் 2,500 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பிறப்பிலிருந்து மனிதன் நிலவில் கால் வைத்த 1969 வரை சுமார் 2,040 ஆண்டுகள்தான். பிரமிடு அவருக்கே பழங்கதை. கூட்டிக் கழித்து இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஜூன் 14
புளூட்டோ சூரியனை ஒருமுறை சுற்ற சுமார் 248 ஆண்டுகள். கண்டுபிடித்தது 1930. கோள் இல்லை, குறுங்கோள் என்று மாற்றியது 2006. நாம் சேர்த்து, நீக்கி எல்லாம் முடித்துவிட்டோம். அதன் கணக்கில் ஓராண்டில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகியிருக்கவில்லை. 1930இல் இருந்த இடத்துக்கு அது திரும்ப வருவது 2178 வாக்கில். இதை நாளைக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.