புரூக்ளினில் எட்டு வயசுப் பிள்ளைகள் உரை படிக்கிறார்கள்

நியூயார்க் பயணக் கட்டுரை என்றால் சுதந்திரதேவி சிலையும் டைம்ஸ் சதுக்கமும்தான் வரும். இது புரூக்ளின் பக்கம். அங்கே யூதப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். மூல நூலும் உரையும் உள்ள மொழியில் பிறந்த நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது.

முதலில் வழியும் காசும். ஜேஎஃப்கே விமான நிலையத்தின் வருகைக் கூடத்திலேயே "டாக்சி வேணுமா" என்று கிட்டே வருகிறவர்களோடு பேச்சே கொடுக்க வேண்டாம். மஞ்சள் டாக்சிக்கு நிலையான கட்டணம் என்பது மன்ஹாட்டனுக்கு மட்டும்தான். புரூக்ளினுக்கு மீட்டர். புரூக்ளினுக்கும் "ஃபிளாட் ரேட்" என்று ஒருவர் சொன்னால் அது உங்கள் முகத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. இறங்கிவிடுங்கள். பெட்டி கனமில்லை என்றால் விமான நிலைய ரயிலான ஏர்டிரெயினும் நகர ரயிலான சப்வேயும் போதும். யூதர்கள் நிறைய வாழும் கிரவுன் ஹைட்ஸுக்கு 3ஆம் எண் ரயிலில் கிங்ஸ்டன் அவென்யூ நிலையம். வாரம் முழுக்க ஒரே கார்டைத் தட்டினால் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. இன்று ஒரு கார்டு, நாளை ஒரு போன் என்று மாற்றித் தட்டினால் அந்தச் சலுகை போய்விடும்.

பள்ளிக்குள் சும்மா எட்டிப் பார்க்க முடியாது. வாசலில் காவலர், அடையாள அட்டை, முன்கூட்டியே எழுதிப் பெற்ற அனுமதி எல்லாம் வேண்டும். கட்டடத்தையோ பிள்ளைகளையோ படம் எடுக்கக் கூடாது. இலையுதிர் காலத்தில் பல பள்ளிகள் நடத்தும் ஓபன் ஹவுஸ், பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்கானது. சுற்றுலா வந்தவருக்கு ஈஸ்டர்ன் பார்க்வேயில் யூதக் குழந்தைகள் அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகள் ஊர்ந்து போகும் அளவுக்குப் பெரிய ஹல்லா ரொட்டி அங்கே உண்டு. சனிக்கிழமை மூடியிருக்கும், வெள்ளியையும் நம்ப வேண்டாம்.

இனி படிப்பு. நாள் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பாதி எபிரேயமும் சமயமும், மறுபாதி கணக்கு, ஆங்கிலம், அறிவியல். அதனால் பள்ளி நேரம் நீளம். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளும் உண்டு, தனித்தனியானவையும் உண்டு. ஆசாரமான ஹசிதிக் பிரிவினர் இத்திஷ் மொழியில் நடத்தும் பள்ளிகளின் பாடத்திட்டம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி எழுதும் பயணக் குறிப்புகள் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

ஒன்றாம் வகுப்பில் அலெஃப்-பேத், அதாவது எபிரேய அரிச்சுவடி. 22 எழுத்து, அதில் 5 எழுத்துக்குச் சொல்லின் கடைசியில் வேறு வடிவம், வலமிருந்து இடம். உயிரொலிக்குப் பெரும்பாலும் எழுத்தின் கீழே புள்ளியும் கோடும், அதன் பெயர் நிக்குத். பிள்ளைகள் தடுமாறுவது எழுத்தின் எண்ணிக்கையில் அல்ல, ஒரே சாடையில் இருக்கும் ஜோடிகளில். பேத்தும் கஃபும், ஹேயும் ஹேத்தும், எல்லாவற்றுக்கும் மேலாக தாலெத்தும் ரேஷும். ரேஷின் மூலை வளைந்திருக்கும், தாலெத்தின் மூலையில் சின்னக் குதிகால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குதிகால் அற்பம் இல்லை. ஷெமா என்ற பிரார்த்தனையின் முதல் வரி 'எஹாத்', அதாவது 'ஒருவரே', என்று முடியும். கடைசி எழுத்து தாலெத். அதை ரேஷ் என்று படித்தால் 'அஹேர்', 'வேறொருவர்' என்று ஆகிவிடும். அதனால்தான் மோசேயின் ஐந்து நூல்கள் அடங்கிய தோராச் சுருளில் அந்தத் தாலெத்தைப் பெரிதாக எழுதுகிறார்கள் என்பார்கள். ஆறு வயதுப் பிள்ளை அந்தக் குதிகால்மேல் விரலை வைத்துக் காட்டும்போது, எழுத்துப் பிழை என்றால் என்ன என்று அதற்கு இனி யாரும் விளக்க வேண்டியதில்லை.

எழுத்தே எண்ணாகவும் இருக்கிறது. அலெஃப் 1, யோத் 10, கோஃப் 100. நம்மிடம் க 1, உ 2 போல. 15ஐ எழுத 10+5 போடாமல் 9+6 போடுவார்கள், ஏனெனில் முதல் சேர்க்கை இறைவன் பெயரின் எழுத்துகளாகிவிடும். எட்டு இரவு விளக்கேற்றும் ஹனுக்கா பண்டிகைக்கு எத்தனை மெழுகுவர்த்தி என்பது இரண்டாம் வகுப்புக்கு ஏற்ற கணக்கு. 1 முதல் 8 வரை கூட்டினால் 36, ஒவ்வொரு இரவும் ஏற்றப் பயன்படும் ஒன்றுக்காக 8, மொத்தம் 44. கடையில் வாங்கும் பெட்டியிலும் 44தான் இருக்கும்.

படிக்கப் பழகியதும் சித்தூர் என்ற பிரார்த்தனைப் புத்தகத்தை விழா எடுத்துக் கையில் கொடுக்கிறார்கள். அடுத்து ஹுமாஷ், மோசேயின் ஐந்து நூல்கள், அதற்கும் விழா. பல பள்ளிகள் ஆபிரகாம் ஊரைவிட்டுக் கிளம்பும் 'லேக் லெகா' பகுதியில் தொடங்குகின்றன. 'லேக்' என்றால் போ, 'லெகா' என்றால் உனக்காக. சுருளில் இரண்டு சொல்லும் அதே இரண்டு எழுத்து. புள்ளி இல்லை, இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

சொல்லைப் பிரிக்கும் முறையைப் பார்த்தால் நம் பகுபத உறுப்பிலக்கணம் ஞாபகம் வரும். பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து வேர், முன்னும் பின்னும் ஒட்டு. ல-ம-த வேரிலிருந்து லமாத் (கற்றான்), தல்மித் (மாணவன்), தல்முத் (யூதச் சமயச் சட்ட விளக்கத் தொகுப்பு). வேருக்கு ஒரு நிறம், முன்னொட்டுக்கு ஒன்று, பின்னொட்டுக்கு ஒன்று என்று பிள்ளைகள் வண்ணம் தீட்டுகிறார்கள்.

மூன்றாம் வகுப்பில், சில பள்ளிகளில் நான்காம் வகுப்பில், ராஷி வருகிறார். 1040 முதல் 1105 வரை வாழ்ந்தவர், பிரான்சின் த்ருவா ஊர்க்காரர், மூலத்துக்குச் சொல் சொல்லாக உரை எழுதியவர். அந்த உரை அச்சாவது தனி எழுத்துருவில். அவர் கையால் எழுதிய வடிவம் இல்லை அது, பின்னால் வந்த அச்சகங்கள் மூலத்தையும் உரையையும் பிரித்துக் காட்டப் பயன்படுத்தியது. அதில் அலெஃபே அடையாளம் தெரியாது. சாமெக்கும் கடைசி மேமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அதனால் முதல் சில வாரங்கள் எழுத்துப் பழக்கம் மட்டும்.

அப்புறம் படிக்கும் முறை. உரையின் தொடக்கத்தில் மூலத்திலிருந்து எடுத்த சொல்லை அடிக்கோடிடு. மூலத்தில் அதைத் தேடு. பிறகு அந்தக் கேள்வி: "மா காஷே லெ-ராஷி", ராஷிக்கு இங்கே என்ன இடறுகிறது? 'போ' என்று சொன்னால் போதுமே, 'உனக்காக' எதற்கு? உன் இன்பத்துக்கும் உன் நன்மைக்கும் என்கிறார் ராஷி. கேள்வியைப் பிடிக்காமல் பதிலை மட்டும் ஒப்பித்தால் மதிப்பில்லை. இதில் ஒரு பெரிய சறுக்கல் உண்டு. ஆபிரகாம் தந்தையின் சிலைகளை உடைத்த கதை மூலத்தில் கிடையாது, மித்ராஷ் என்ற பழைய விளக்க நூல்களில் வருவது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் வளர்ந்த பிறகும் குழப்பம் போகாது. அதனால் நல்ல ஆசிரியர் மூலம் எது, உரை எது என்று தினமும் கேட்டுக்கொண்டே இருப்பார்.

பரிமேலழகரை நாம் கல்லூரியில், அதுவும் தமிழ் எடுத்தவர்கள் மட்டும், தொடுகிறோம். எட்டு வயதுப் பிள்ளை உரையாசிரியரோடு வாதாட முடியும் என்பதற்கு இங்கே கண்முன்னே சாட்சி இருக்கிறது. திருக்குறளைப் பத்துப் பத்தாக ஒப்பிக்க வைப்பதோடு நிறுத்துவது எவ்வளவு பெரிய வீண்!

நாலு, ஐந்தாம் வகுப்பில் யோசுவா, நியாயாதிபதிகள் என்ற வேத நூல்கள், பிறகு மிஷ்னா என்ற வாய்மொழிச் சட்டத் தொகுப்பு. பாஸ்கா பண்டிகைக்கு முன் மட்சா என்ற புளிக்காத ரொட்டி சுடும் பயிற்சி பாருங்கள், அபாரம். மாவில் தண்ணீர் பட்ட நொடியிலிருந்து 18 நிமிடத்துக்குள் பிசைந்து, தேய்த்து, துளையிட்டு, சுட்டு எடுத்தாக வேண்டும். தாண்டினால் புளிப்பேறியதாகக் கணக்கு. துளை போடாவிட்டால் பூரி மாதிரி உப்பும். மாவும் தண்ணீரும் தனித்தனி இடத்தில் இருக்கும், ஈரக் கையோடு ஒரு பிள்ளை மாவைத் தொட்டால் கடிகாரம் அப்போதே ஓடத் தொடங்கும். பிள்ளைகள் சுட்டது பயிற்சிக்கு மட்டும், பண்டிகை விருந்துக்குச் செல்லாது.

கட்டணம் தலைசுற்ற வைக்கும். நியூயார்க் வட்டாரத்தில் பல பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல். உதவித்தொகை இருந்தும், மூன்று பிள்ளை உள்ள வீட்டில் இதுவே பெரிய கவலை.

நம் சைவக்காரர்களுக்குச் சாப்பாடு பற்றி ஒன்று. யூத உணவு விதிப்படி நடக்கும் கோஷர் கடையில் 'டெய்ரி' என்று பலகை இருந்தால் அங்கே இறைச்சி இருக்கவே இருக்காது, தைரியமாக பீட்சா சாப்பிடலாம். ஆனால் மீன் இருக்கலாம். பொட்டலத்தில் 'பார்வே' என்றிருந்தால் பாலும் இறைச்சியும் இல்லை என்றுதான் பொருள், முட்டை இருக்கலாம். அசைவம் என்றால் வியாழன் இரவு சோலண்ட்: மாட்டிறைச்சி, பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு எல்லாம் மணிக்கணக்கில் வெந்து குழைந்தது. குளிரில் அதற்கு ஈடு கிடையாது.

புரூக்ளினின் யூதப் பகுதிகளான பரோ பார்க்குக்கும் வில்லியம்ஸ்பர்க்குக்கும் இடையே ஓடும் பி110 தனியார் பேருந்து, சப்வே கார்டு அங்கே செல்லாது. ரொக்கமாகச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலையிலிருந்து சனி இரவுவரை ஓடாது. டிசம்பரில் நியூயார்க்கில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அதற்கும் 18 நிமிடம் முன்பு சப்பாத் என்ற வார ஓய்வு நாளுக்கு விளக்கேற்ற வேண்டும் என்பதால் பள்ளியும் மதியமே விடும், கடை ஷட்டர்களும் இறங்கும். பழம், ரொட்டி, தண்ணீர் எல்லாம் காலையிலேயே வாங்கிவிடுங்கள். அந்த மதியம் வீதியில் போகும் பிள்ளைகளின் பையில் அந்த வாரத்துக்குரிய தோராப் பகுதியைப் பற்றிய ஒரு தாள் இருக்கும். இரவு சாப்பாட்டு மேசையில் அப்பா அதைப் பார்த்துக் கேள்வி கேட்பார், பிள்ளை பதில் சொல்லும்.