மேல்காட்டு மருந்து

மே 18, பூம்பாறை, கொடைக்கானல் மலை

பூண்டு ஊன்றி முடித்துவிட்டோம். விதைப்பூண்டு போன போகத்தில் எங்கள் தோட்டத்தில் விளைந்து, அடுப்படிப் பரணில் புகை குடித்துக் கிடந்ததுதான். அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்க முடியாது. சிக்கல் கேரட்டில். கடையில் கிடைக்கும் கலப்பின விதை பூஞ்சாணக்கொல்லி பூசி வருகிறது. நாங்கள் குழுவாகச் சேர்ந்து அங்ககச் சான்றுக்கு, அதாவது ரசாயன உரமும் மருந்தும் இல்லாமல் விளைந்தது என்ற சான்றுக்கு, முயல்கிறோம். அதற்கு இந்த விதை ஆகாது. பூசாத விதைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது வரும்வரை குழுவில் யாரும் கேரட் போடுவதில்லை என்று முடிவு. கேரட் காசை நம்பிப் பள்ளிக்கூடச் செலவு பார்க்கிறவர்களும் கை தூக்கினார்கள்.

மே 29

கோயம்புத்தூரில் இருக்கும் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறைக்கு விண்ணப்பம் தயாராகிறது. தோட்ட வரைபடம், மண், தண்ணீர்ப் பரிசோதனை, ஆண்டுப் பயிர்த் திட்டம் எல்லாம் ஆயிற்று. பட்டாவில்தான் நிற்கிறது. பலருக்குக் கூட்டுப் பட்டா. கீழ்த்தெரு அக்கா தனியாகப் பாடுபட்டு வரும் நிலம் இன்னும் மாமனார் பெயரில். “கொழுந்தன்மார் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேர் திருப்பூரில் இருக்கிறார்கள், எப்போது வருவார்களோ” என்றார். மண்வெட்டி பிடிப்பது ஒருவர், தாளில் இருப்பது இன்னொருவர் என்பது மலையில் வீட்டுக்கு வீடு உண்டு. பெண்களுக்குத்தான் அது அதிகம் வலிக்கிறது.

ஜூன் 11

காலையில் மேல்காட்டு அண்ணன் உருளைக்கிழங்குக்கு மருந்து அடித்தார். காற்று கீழ்நோக்கி வீசியது. எங்கள் மேல் பாத்தி பீன்ஸ் இலைகளில் வெள்ளைப் புள்ளிகள்.

சமவெளியில் பக்கத்து வயலுக்கு ஒரு வரப்பு போதும் என்பார்கள். இங்கே நிலம் படிப்படியாக இறங்குகிறது. மேலே தெளிப்பது காற்றிலும் வரும், மழைத் தண்ணீரிலும் வரும். அதனால் சான்று வேண்டுமானால் மேல் ஓரத்தில் இடைவெளி விட்டு, தண்ணீரைத் திருப்ப வாய்க்கால் வெட்டி, நேப்பியர் புல்லை வேலியாக வைக்க வேண்டும். அந்த ஓரத்தில் விளைவதைத் தனியாக அறுத்துச் சாதாரணக் காயாகத்தான் விற்கலாம். ஐந்து ஏக்கர்க்காரருக்கு அது ஓரம். முப்பது சென்ட் வைத்திருக்கும் எனக்கு ஒரு படி முழுவதும் போகிறது.

இதை எழுதும்போது கோபம் அடங்கவில்லை. மருந்து அடிக்கிறவர் எந்தப் பதிவேடும் எழுத வேண்டியதில்லை. அடிக்காதவர் என்ன உரம், எந்தத் தேதி, யாரிடம் வாங்கியது, எத்தனை கிலோ பறித்தது என்று நாள்தோறும் எழுத வேண்டும். நிலத்தையும் அவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். வேலிக்கும் வாய்க்காலுக்கும் ஆகும் செலவில் ஒரு பங்காவது அரசு ஏற்க வேண்டும்.

ஜூன் 24

உள் ஆய்வு. ஒருவர் தோட்டத்தையும் கிடங்கையும் குழுவில் இன்னொருவர் பார்ப்பது. பெரியப்பா வீட்டுத் திண்ணையில் அரை மூட்டை யூரியா இருந்தது. மருமகன் காட்டுக்கு வாங்கியது என்றார். ரசீதும் மருமகன் பெயரில்தான் இருந்தது. எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். நான் எழுதினேன்: மூட்டை இருந்தது, காரணம் இது, அன்றே அப்புறப்படுத்தப்பட்டது. பெரியப்பா என்னிடம் பேசாமல் போய்விட்டார். ஒருவர் ஏட்டில் சந்தேகம் வந்தால் குழு முழுவதற்கும் சான்று நின்றுவிடலாம் என்பதை அவருக்கு நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஜூலை 9

மூடுபனி விலகவே இல்லை. உருளைக்கிழங்கு இலையில் பின்கருகல் நோய் தொடங்கிவிட்டது. எங்களுக்கு இருக்கும் ஒரே பிடி, கருகலுக்குத் தெளிக்கும் போர்டோ கலவை: மயில்துத்தம் என்னும் தாமிர உப்பு ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர். தாமிரம் மண்ணில் தங்கிவிடும் என்பதால் அதற்கும் கட்டுப்பாடு உண்டு. சான்று கொடுப்பவர்களிடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வந்த பிறகுதான் கரைத்தோம். கத்தியை முக்கிப் பார்த்தால் செந்நிறம் ஏறியது. சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தோம். கீழ்ப் படியில் பாதிச் செடி போய்விட்டது.

ஜூலை 21

பீன்ஸ் ஒட்டன்சத்திரம் போனது. எல்லார் காயோடும் ஒரே விலை. ரசாயனத்தை விட்ட பிறகு சான்றுக்குக் காத்திருக்கும் மாறுதல் காலம் காய்கறிக்கு இரண்டு ஆண்டு. பேரி, பிளம்ஸ் மரங்களுக்கு மூன்று. அதுவரை மருந்தில்லாமல் விளைந்ததை அங்ககக் காய் என்று சொல்லி விற்க முடியாது. விளைச்சல் குறையும் காலமும் இதுதான், விலை கிடைக்காத காலமும் இதுதான். பலர் இந்த இடத்தில்தான் விலகிவிடுகிறார்கள்.

கொடைக்கானலில் ஒரு விடுதிக்காரர், “உங்கள் பூண்டுக்குத்தான் ஏற்கனவே சான்று இருக்கிறதே” என்றார். 2019இல் மலைப்பூண்டுக்குக் கிடைத்தது புவிசார் குறியீடு. எந்த மலையில் விளைந்தது என்பதை அது சொல்லும். என்ன தெளித்து விளைந்தது என்பதைச் சொல்லாது. விளக்கினேன். பூண்டு வந்ததும் பேசலாம் என்றார்.

ஆகஸ்ட் 3

மேல்காட்டு அண்ணன் வீட்டுக்கு நானும் கீழ்த்தெரு அக்காவும் போனோம். விதைக்கும் மருந்துக்கும் மண்டியில் முன்பணம் வாங்கியிருக்கிறார். கிழங்கு போய்ச் சேர்ந்தால்தான் கணக்குத் தீரும். “இரண்டு வருடம் விலையில்லாமல் என்னால் தாங்க முடியாது அம்மா” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தெளிப்பதற்கு முதல் நாள் சொல்லி அனுப்புவதாகவும், கீழ்நோக்கிக் காற்று வீசினால் நிறுத்திவிடுவதாகவும் ஒப்புக்கொண்டார். வாய்க்காலை அவர் பக்கத்திலேயே வெட்டிக்கொள்ளச் சொன்னார். அப்படியானால் என் படியில் பாதி மிஞ்சும். திங்கட்கிழமை வெட்டுகிறோம். பெரியப்பாவும் மண்வெட்டியோடு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.