ஒரு பிரதி மட்டும்

3 ஜூலை 2025, வியாழன்

சாயங்காலம் தோழி பி. போன் செய்தாள். ஆல்பம் அச்சிடும் லேபுக்குப் போயிருக்கிறாள். கவுண்டரில் புது சாம்பிள் ஆல்பங்களை அடுக்கி வைத்திருக்கிறார்களாம், ஒன்றைப் புரட்டும்போது ஒரு பக்கத்தில் நான் எடுத்த பூடுவார் படம், ஒரு பெண் குறைந்த உடையில் தனக்காக மட்டும் எடுத்துக்கொள்ளும் அந்தரங்கப் படம். "உன் ஸ்டூடியோ ஜன்னல், உன் திரைச்சீலை. பார்த்ததுமே தெரிஞ்சிருச்சுடி." முகம் இல்லையாம், கழுத்துக்குக் கீழே மட்டும். இடது தோளில் மச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். பக்கத்தில் ஆள் நிற்கிறது, அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மெசேஜ்: இருக்கு.

4 ஜூலை

தூக்கமே இல்லை.

5 ஜூலை, சனி

ச. தான், என்னிடம் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டவள். சந்தேகத்துக்கே இடமில்லை.

லேப்காரர் முதலில் சொன்னது: "மூஞ்சியே தெரியலீங்களே மேடம். பேப்பர் குவாலிட்டி காட்டத்தானுங்க வெச்சோம்." ஆர்டர் கொடுத்தபோது அவரே கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினேன். சாம்பிளாக வைக்கக் கூடாது, விளம்பரத்துக்கு எடுக்கக் கூடாது, டெலிவரி முடிந்ததும் ஃபைலை அழிக்க வேண்டும். ஒரு பிரதி மட்டும். எல்லாம் தமிழில்தான் எழுதியிருக்கிறது. படித்தார், பக்கத்தைக் கிழிக்கப் போனார். கிழிக்க விடவில்லை, ஆல்பத்தோடு வாங்கி வந்துவிட்டேன். கிளம்பும்போதுதான் மெதுவாகச் சொன்னார், இதே செட் வெளியூர் ஏஜெண்டுகளுக்கும் போயிருக்கிறது என்று.

முகம் தெரியவில்லை என்று எத்தனை பேர் எத்தனை தடவை சொல்லிவிட்டார்கள். முகத்தை வெட்டினால் முன்பின் தெரியாதவனுக்குத்தான் யாரென்று தெரியாமல் போகும். ச. பயப்படுவது அவனுக்கு இல்லை. அக்கா, நாத்தனார், ஹாஸ்டலில் கூட இருந்தவர்கள், ஜாக்கெட் தைக்கிற அம்மா. இவர்களுக்கு முகம் எதற்கு? மச்சம் போதும். கையில் கிடக்கும் வளையல் போதும்.

6 ஜூலை, ஞாயிறு

எல்லா ஊர் விவரமும் தெரிந்த பிறகு ச.விடம் சொல்லலாம் என்கிறாள் பி. பாதி விவரத்தைச் சொன்னால் மீதியை அவளே கற்பனை செய்து பயப்படுவாளாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் உடம்பைப் பற்றி எனக்கும் பி.க்கும் லேப்காரருக்கும் தெரிந்த ஒன்று அவளுக்கு மட்டும் தெரியாமல் இருப்பதா? ஒரு ராத்திரிகூட அது சரியில்லை.

போன் செய்து சொன்னேன், எதையும் குறைக்காமல். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. "அக்கா, எங்க வீட்ல யாருக்குமே தெரியாது" என்றாள். வைத்துவிட்டாள்.

7 ஜூலை

பேசவில்லை. நானாகக் கூப்பிடப் போவதில்லை.

8 ஜூலை, செவ்வாய்

வக்கீல் தோழியிடம் பேசினேன், ச. யார் என்று சொல்லாமல். பாரதிய நியாய சன்ஹிதா 77வது பிரிவு, பெண்ணின் அந்தரங்கத்தைப் பார்ப்பது, படமெடுப்பது, பரப்புவது பற்றியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி, 2013ல் வந்தது. அதில் ஒரு விளக்கம் இருக்கிறது: படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதை மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை என்றால், கொடுப்பது குற்றம். முதல் தடவைக்கே ஒன்றிலிருந்து மூன்று வருஷம் சிறை. இந்தத் தொழிலில் நான் வாய் வலிக்கச் சொல்லி வருவதைச் சட்டம் ஒரே பத்தியில் சொல்லியிருக்கிறது. எடுப்பதற்குச் சொன்ன சரி வேறு, காட்டுவதற்குச் சொல்லும் சரி வேறு.

இன்னொன்றும் கேட்டேன், படம் யாருடையது என்று. 1957 பதிப்புரிமைச் சட்டம், 17வது பிரிவு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். நம் ஊரில் பாதிப் பேர் "நான் எடுத்த படம், என் பேஜில் போடுகிறேன்" என்கிறார்கள். அவர்கள் படமே இல்லை அது.

இவ்வளவு தெரிந்துகொண்டும் மனது அடங்கவில்லை. புகார் கொடுப்பதா வேண்டாமா என்று ச. தான் சொல்ல வேண்டும்.

10 ஜூலை, வியாழன்

பேப்பரில் சென்னை உயர் நீதிமன்றச் செய்தி. ஒரு பெண் வக்கீல், கல்லூரி நாளில் பழகியவன் பரப்பிய வீடியோ. 48 மணி நேரத்தில் எல்லா இடத்திலிருந்தும் நீக்கச் சொல்லி மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவு. சட்டம் தெரிந்த, வாதாடத் தெரிந்த ஒருவரே கோர்ட் வாசல் வரை போகவேண்டியிருக்கிறது. இரண்டு தடவை படித்தேன்.

ச. பேசவில்லை.

12 ஜூலை, சனி

இன்று ஒரு தம்பதி பூடுவார் ஷூட் பற்றிக் கேட்க வந்தார்கள். வேறு ஒரு ஸ்டூடியோவில், படங்களைப் பேஜில் போட ஒத்துக்கொண்டால் பாதி ரேட்டாம். இங்கே உண்டா என்றார் கணவர். இல்லை என்றேன். "அவளுக்கு ஓகேதாங்க" என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பணம் குறைவாக இருக்கிற பெண்ணிடம் அந்தரங்கத்துக்கு விலை பேசி வாங்குவதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? 2023ல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் இன்னும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை, ஆனால் அதன் 6வது பிரிவைப் படித்துப் பார்த்தால் தெரியும். சம்மதம் சுதந்திரமாக இருக்க வேண்டும், எதற்கு என்று குறிப்பாக இருக்க வேண்டும், நிபந்தனை கூடாது, கொடுத்த அளவு சுலபமாகத் திரும்ப வாங்கவும் முடிய வேண்டும். இன்றைக்கு ஓகே என்றவளுக்கு நாளை கல்யாணம் நடக்கலாம், விவாகரத்து ஆகலாம், பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கலாம். அன்றைக்கு வேண்டாம் என்று அவள் கேட்டால், பழைய கையெழுத்தைக் காட்டி வாயை அடைப்பது எனக்கு வராது. படிவத்தை அவளிடம் தனியாகத்தான் கொடுப்பேன், எடுத்த அன்று கையெழுத்து வாங்க மாட்டேன், படங்களைப் பார்த்து ஒரு வாரமாவது போகட்டும். பதிலே வரவில்லை என்றால் இல்லை என்றுதான் வைத்துக்கொள்வேன்.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினேன். "யோசிச்சுச் சொல்றேங்க்கா" என்றாள். நல்லது.

13 ஜூலை

ஈரோட்டு ஏஜெண்டுக்குப் போன சாம்பிள் பெட்டி திரும்பி வந்துவிட்டது, அதே பக்கம் அதிலும். திண்டுக்கல்லும் ஓசூரும் பாக்கி.

15 ஜூலை, செவ்வாய்

"டெலீட் பண்ணியாச்சுங்க மேடம்" என்கிறார் லேப்காரர். எதை? பிரிண்டிங் மெஷினோடு இருக்கிற கம்ப்யூட்டரில் பழைய ஜாப் தங்கியிருக்கும். டிசைனரின் டிரைவில் ஒன்று, அவர் வாட்ஸாப்பில் அனுப்பிய ப்ரூஃப் ஒன்று, பேக்கப் டிஸ்க்கில் ஒன்று. ரிசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும் அந்த இடத்தில் வேறு ஃபைல் எழுதப்படும் வரை பெரும்பாலும் மீட்டெடுக்க முடியும். ஒவ்வொன்றாக எழுதி மெயில் அனுப்பியிருக்கிறேன், எழுத்தில் பதில் வேண்டும் என்று.

கவுண்டரில் நின்ற எவனாவது போனில் எடுத்திருந்தால்? ராத்திரி முழுக்க இதே நினைப்பு. ஸ்டாப்என்சிஐஐ என்று 2021 டிசம்பரில் தொடங்கிய ஒரு தளம் இருக்கிறது. படத்தை எங்கேயும் ஏற்றாமல், நம் போனிலேயே அதற்கு ஒரு எண் கோவையை உருவாக்கி, அதை மட்டும் சேர்ந்திருக்கும் நிறுவனங்களுக்குக் கொடுக்கும். அங்கே யாராவது அந்தப் படத்தைப் போட்டால் பிடித்துவிடலாம். படத்தில் இருப்பவரே செய்ய வேண்டியது. நான் அவளுக்காகச் செய்ய முடியாது.

17 ஜூலை, ஆடி 1

காலையிலேயே காற்று. ச.விடமிருந்து ஒரு வரி: "புகார் குடுத்தா என் பேர் வருமாக்கா?"

நேர்மையாகப் பதில் எழுத வேண்டும். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பெயரை வெளியிடக் கூடாது என்கிற, அதே சன்ஹிதாவின் 72வது பிரிவு 64 முதல் 71 வரையுள்ள பிரிவுகளைத்தான் சொல்கிறது. 77 அதில் இல்லை. இந்தப் பட்டியலை எழுதியவர்கள் இவளைப் போன்ற ஒருத்தியை நினைக்கவே இல்லையா? அந்தச் சென்னை வழக்கில்கூட முதல் தகவல் அறிக்கையில் பெயர் ஏறியிருந்ததாம், நீதிபதி கண்டித்து நீக்கச் சொல்லியிருக்கிறார். உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் நீங்குகிறது.

அப்படியே எழுதி அனுப்பினேன். ஆறுதலுக்காக எதையும் மறைக்கவில்லை.

18 ஜூலை, வெள்ளி

பேசினாள்! முக்கால் மணி நேரம். குரல் சாதாரணமாக இருந்தது.

போலீஸ் வேண்டாம், இப்போதைக்கு. லேபுக்கு நோட்டீஸ் என் பெயரில் போகட்டும், ஒப்பந்தத்தை மீறியதற்கு. அவள் பெயர் எங்கேயும் வரக் கூடாது. தளத்தில் பதிவதை அவளே செய்துகொள்கிறாள். ஆல்பத்தை எரித்துவிடுவாயோ என்று பயந்தேன் என்றேன். "எதுக்குக்கா எரிக்கணும்? அது எனக்காக எடுத்தது. பீரோல பத்திரமா இருக்கு." அப்புறம் என்னிடம் இருக்கிற ஒரிஜினல்களைத் தன் கண்முன்னே அழிக்க வேண்டும் என்றாள். சரி என்றேன், உடனே.

அழுகை வந்தது, இப்போதுதான்.

20 ஜூலை, ஞாயிறு

வக்கீல் தோழி அழிக்காதே என்கிறாள். ஓசூர் பெட்டி வரும் வரை ஒரிஜினல்தான் சாட்சி, பின்னால் ச. மனம் மாறிப் புகார் கொடுத்தால் கையில் ஒன்றும் இருக்காது என்கிறாள். ஆனால் சட்டப்படியும் அவை ச.வின் படங்கள். இரண்டு பக்கத்தையும் ச.விடமே சொல்லிவிட்டேன். புதன்கிழமை வருகிறாள். அதுவரை டிஸ்க் பூட்டிய டிராயரில், சாவி என்னிடம்.

21 ஜூலை

ஓசூர் ஏஜெண்ட் போன் எடுப்பதில்லை. திண்டுக்கல் பெட்டியோடு லேப் பையன் கீழே வந்து நிற்கிறான். பக்கத்தை எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடணும்